பூனை உள்ளே வராத வீடு

"எங்க பூனை மூணு நாளா வீட்டுக்குள்ள கால் வைக்கல தங்கச்சி."

கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவரின் மடியில் ஒரு சின்னஞ்சிறு கம்பளி. தம்பி மனைவியையும், பிறந்து ஐந்து நாளான பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரப் போகிறார்.

"பூனைக்கு என்னக்கா அப்படிக் கோவம்?"

"புள்ள வருதுன்னு தம்பி காம்பரா சுவரு முழுக்க பெயிண்டு அடிச்சான். ரோஸ் கலரு. அந்த வாடைதான்."

"சன்னலத் தொறந்து வைக்கலியா?"

"இந்தக் குளிருல எவன் தொறப்பான்? சந்து பொந்துக்கெல்லாம் சாக்கு அடைச்சு, சீக்கிரம் காயட்டும்னு அடுப்ப வேற எரியவிட்டிருக்கான்."

"உங்களுக்கு ஒண்ணும் செய்யலியா?"

"தலை இடிக்குது, கண்ணு எரியுது. காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போயி வெளிய நின்னா சரியாப் போயிருது."

"நீங்க கொழுந்து பறிக்க மலைக்குப் போயிர்றீங்க. பச்சப்புள்ள நாள் பூரா அதுக்குள்ளதானே கெடக்கும்?"

அக்கா மடியிலிருந்த கம்பளியைப் பிரித்து மறுபடி மடித்தார். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம் தேயிலையைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது.

"மொதமொத சொந்த வீட்டுக்குத்தானே புள்ள வரணும்?"

"வரட்டும். வாசல்ல ஆலாத்தி எடுத்துட்டு, நேரா எங்க லயத்து வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க. வாடை போற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

அக்கா போனை எடுத்தார். பஸ் முழுக்கக் கேட்டது.

"டேய் தம்பி, மொதல்ல அடுப்ப அணை. சாக்கெல்லாம் உருவிட்டு கதவு, சன்னல் எல்லாத்தையும் தொறந்து போடு. குளிரட்டும்டா, உனக்குத்தான் கம்பளி இருக்குல்ல. வாசல்ல ஆலாத்தி எடுத்துட்டு புள்ள தங்கச்சி லயத்துல இருக்கட்டும். பூனை உள்ள வந்து படுத்துச்சுன்னா சொல்லு. அதுக்கப்புறம் புள்ளைய உள்ள தூக்கிட்டு வாறோம்."