பட்டன் எந்தப் பக்கம்

சாயங்காலம் நாலரை மணி. நல்ல வெளிச்சம். சிரிக்காதீர்கள்... பேய் என்ன நைட் டூட்டி மட்டுமா பார்க்கிறது? நாலரை மணிதான். அந்தச் சாலையில் முன்னாலும் ஒரு வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். மழை விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஒரே ஒரு கேரவன் போய்க்கொண்டிருந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்குமே, அந்த மாதிரி வண்டி. அதற்குள் இரண்டே பேர். புருஷன், பெண்டாட்டி.

கூடவே ஒரு சத்தம். கடகட... கடகட... கடகட...

அந்தப் போர்வையை இந்தப் பக்கமும் கொஞ்சம் தள்ளுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. நடுவில் 'அப்புறம், அப்புறம்' என்று யாராவது பிடுங்கினால் கதையை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

என்னோடு வேலை பார்க்கிறவளின் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது இது. அந்த அக்கா தையல் மெஷின் மெக்கானிக். ஒரு பெரிய துணி ஃபாக்டரியில் அத்தனை மெஷினுக்கும் அவர்தான் வைத்தியர். புருஷனை என் தோழி மாமா என்பாள். நானும் மாமா என்றே சொல்லித் தொலைக்கிறேன். மரியாதையினால் இல்லை, கதைக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று.

கேரவன், மாமாவின் சிநேகிதனுடையது. வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, "எனக்கு இது வேணாம்டா, நீ எடுத்துக்கோ. ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு" என்று சாவியைக் கொடுத்துவிட்டான். மாமா நேரே வீட்டுக்கு வந்து, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது போய் எவ்வளவு நாளாச்சு? கிளம்பு" என்றாராம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய்ப் புதுச் செருப்பு வேறு வாங்கிக்கொண்டார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முதல் ராத்திரி ஒரு ஏரிக்கரை ஓரமாக நிறுத்தினார்கள். வண்டியின் கடைசியில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு கதவு, அவ்வளவுதான். ஜன்னல் கூட இல்லை. "எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. நான் முன்னாடி பெஞ்சுல நீட்டிக்கிறேன், நீ உள்ளே தாராளமா படு" என்றார் மாமா. அக்கா படுத்ததுதான் தெரியும், அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். விடியற்காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போகலாம் என்றால் கதவு திறக்கவில்லை. கைப்பிடி லொடலொட என்று ஆடுகிறதே தவிர, திரும்பவில்லை. தட்டினார். மாமா வந்து திறந்துவிட்டு, "மழைக்கு மரம் ஊதிடுச்சு போல" என்றார். அக்காவும் நம்பினார். கட்டின புருஷன் சொன்னதை நம்பாமல் வேறு யார் சொன்னால் நம்புவது?

மறுநாள்தான் இந்த நாலரை மணி. மதியத்திலிருந்து அந்தக் கைப்பிடி ஆடிக்கொண்டே வந்தது. கடகட... கடகட... மெஷின் சத்தத்தோடு வாழ்கிறவருக்கு மற்ற எந்தச் சத்தமும் பொருட்டில்லை. ஆனால் ஒரு திருகாணி லூசாகி ஆடினால் மட்டும் அவரால் சும்மா உட்கார முடியாது.

"ஏங்க, ஓரமா நிறுத்துங்க. அஞ்சே நிமிஷம், முடுக்கிட்டு வந்துடறேன்."

"ஆடினா ஆடட்டும், விடு."

"மண்டைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்குங்க."

"விடுன்னா விடேன்!"

இதற்குப் போய் எதற்கு இந்தக் கத்தல் என்று அக்காவுக்கு ஒரே குழப்பம். கொஞ்ச தூரத்தில் இன்ஜின் சூடாகிவிட்டது. மாமா வண்டியை ஓரங்கட்டி, ஒரு கேனை எடுத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த குட்டையில் தண்ணீர் பிடிக்கப் போனார். இன்ஜின் நின்றுவிட்டது. காற்றும் இல்லை. ஆனால் கைப்பிடி இன்னும் இரண்டு மூன்று தடவை ஆடியது... கட... கட... அப்புறம்தான் ஓய்ந்தது. ஓடி வந்தவனுக்கு மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகாதா, அதுபோல இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் அக்கா.

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் வீட்டுக் குளியலறைக் கதவில் இருக்குமே, உருண்டைக் கைப்பிடி, நடுவில் அமுக்குகிற பட்டன், அதே ரகம்தான். உள்ளே போகிறவர் பட்டனை அமுக்கிப் பூட்டிக்கொள்வார். அதனால் பட்டனும் ஸ்க்ரூவும் எப்போதும் உள்பக்கம்தான் இருக்கும். இந்தக் கதவில் இரண்டுமே வெளிப்பக்கம் இருந்தன.

'எந்தத் தூங்குமூஞ்சி ஃபிட்டர் மாட்டினானோ' என்று அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கதவைத் திறந்து வைத்துக் கழற்றினார். ஸ்க்ரூ ஓட்டைகள் தேய்ந்து நீளமாகியிருந்தன. அந்தத் தேய்மானத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அறைக்குள் இருந்து யாரோ கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இழுத்து... இழுத்து... ஒரு நாள், இரண்டு நாள் வேலை இல்லை அது.

அப்போதுதான் காலையில் கதவு திறக்காதது ஞாபகத்துக்கு வந்தது. கதவைச் சாத்திப் பார்த்தார். நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மரம் ஊதவே இல்லை. அப்படியானால் பட்டன் அமுங்கியிருந்திருக்கிறது. பட்டன் இருந்த பக்கத்தில் படுத்திருந்தது ஒரே ஒரு ஆள். தெரியாமல் கை பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்போம், இல்லையா?

ஸ்க்ரூ பிடித்து நிற்க ஓட்டைகளில் தீக்குச்சிகளைச் சொருகி ஒடித்து, கைப்பிடியை முறைப்படி திருப்பி மாட்டினார். பட்டன் உள்ளே, வெறும் உருண்டை வெளியே. நன்றாக முடுக்கினார். இம்மி ஆட்டம் இல்லை. வெளியே வந்து, கதவைச் சாத்தி, ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி திரும்பியது. கையை எடுத்துவிட்டுத் துணியில் துடைத்துக்கொண்டார்.

டக்.

உள்ளேயிருந்து வந்த சத்தம். யாரோ பட்டனை அமுக்கிய சத்தம்.

திருப்பினார். பூட்டியிருந்தது. ஸ்பிரிங்தான் வேலையைக் காட்டுகிறது என்று காதை வைத்துக் கேட்டார். டக்... பட்டன் விடுபட்டது. டக்... மறுபடி அமுங்கியது. டக்... டக்... டக்... புது சுவிட்ச் கிடைத்த குழந்தை விளையாடுமே, அப்படி. கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. ஈரத் துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்த வாடை. அதே வாடை காலையிலிருந்து தன் தலைமுடியிலும் இருந்தது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

ஏய், யார் காலை இழுப்பது? சும்மா இருங்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

மாமா கேனோடு படியேறி வந்தார். வந்தவரின் கண் நேரே கைப்பிடிக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"யாரைக் கேட்டு அதைத் தொட்டே?"

அந்த நேரம் பார்த்து உள்ளே மறுபடியும், டக்.

வேறு யாராக இருந்தாலும் என்ன கேட்பார்கள்? 'உள்ளே யாரு?' என்றுதானே? மாமா கேட்கவில்லை. கேனை அப்படியே போட்டுவிட்டு வாசல் பக்கம் பின்வாங்கினார். அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேய்க்குப் பயப்படக்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லையாம். பெண்டாட்டியை அப்படியே விட்டுவிட்டு முதலில் குதித்து இறங்கிய அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிடித்துக்கொண்டதாகச் சொன்ன அதே முதுகுதான்.

பின்னால் கதவு மெல்லத் திறந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இறங்கிச் சாலைக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். வண்டி கண்ணுக்கு மறைந்தது. அப்புறம் அக்கா கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். சிநேகிதன் எல்லாம் சொல்லித்தான் கொடுத்தானாம். பட்டனை வெளிப்பக்கம் மாற்றி மாட்டியதே அவன்தானாம். ஒரு ராத்திரி உள்ளே ஒரு ஆளைப் படுக்கவைத்து வெளியே பூட்டிவிட்டால் அது அடங்கிவிடும், அப்புறம் வண்டியால் ஒரு தொந்தரவும் இருக்காது என்றானாம்.

"அப்போ நீங்க படுக்க வேண்டியதுதானே?"

"எனக்குப் பயமா இருந்துச்சு... நீதான் தூங்கினா இடி விழுந்தாக்கூட எழுந்திரிக்க மாட்டியே. ஒரே ஒரு ராத்திரிதானேன்னு பார்த்தேன். உனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!"

ஒண்ணும் ஆகலையாம். கேட்டீர்களா? எனக்கு அந்தப் பேய் மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை. அது பாட்டுக்குப் பூட்டின அறைக்குள் கிடந்தது. இந்த ஆள் பக்கத்தில் உட்காரவைத்து, சிரித்துப் பேசி, புதுச் செருப்பு போடவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். ஆமாம், போனான்தான். மரியாதையாவது ஒன்றாவது.

அக்கா அழவில்லை. சாலை நடுவில் நின்று, "ராத்திரி உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மாமா முதலில் இல்லை என்றார். அக்கா நகரவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்...

"நீ பேசிட்டிருந்தே."

"யார்கிட்ட?"

"தெரியல. உன் குரல் மட்டும்தான் கேட்டுச்சு. ரொம்ப நேரம். நடுவுல சிரிச்சே... கடைசியா, 'சரி, வர்றேன், எப்போன்னு நீயே சொல்லு'ன்னே."

அக்காவுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"அதுக்கு அது என்ன சொல்லுச்சு? எப்போன்னு சொல்லுச்சு?"

"தெரியாது... நான் காதைப் பொத்திக்கிட்டேன்."