யாரும் வராத அவையில் உரக்க வாசித்தவருக்கு

பேரூராட்சி மன்றத்தின் கூட்ட எழுத்தராக விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய ஐயா அவர்களின் திருமுன், அலுவலகப் பணியாளர் அனைவரும் ஒருமனதாய்ப் படைக்கும் பாராட்டு மடல்

அவை காத்த அண்ணலே!

மன்றங்கள் மாறின, தலைவர்கள் மாறினர், மேசை விரிப்பின் நிறமும் மூன்று முறை மாறியது; மாறாதிருந்தது தங்கள் மணியான கையெழுத்தும் மாசற்ற நடத்தையும் மட்டுமே! முப்பத்தோர் ஆண்டுகள் இவ்வலுவலகத்தின் முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்க் கதவடைத்துச் சென்றவர் தாங்கள். கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர். மகிழ்ச்சி வந்தாலும் அதையே செய்பவர். ஆதலால் தங்கள் உள்ளத்தில் ஓடுவது இன்னதென்று எங்களில் ஒருவருக்கும் ஒருநாளும் பிடிபட்டதில்லை.

பாராட்டு மடல் என்றால் பண்புகளை வரிசைப்படுத்த வேண்டும் என்பது நாங்கள் பள்ளியில் பயின்ற பாடம். நேர்மை, நேரந்தவறாமை, எளிமை, இனிமை என்று எழுதத் தொடங்கினோம். எழுதியதைத் தட்டச்சர் வாசிக்க, கூட்டிப் பெருக்கும் அம்மாள் விளக்குமாற்றை ஊன்றி நின்று, "இதைத்தானே போன வருஷம் டிரைவருக்கும் வாசிச்சீங்க? அவரு என்னைக்கு நேரத்துக்கு வந்தாரு?" என்று கேட்டுவிட்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதால், கடந்த ஓராண்டில் தாங்கள் செய்த ஒரே ஒரு செயலை மட்டும் முறைப்படி இங்கே எடுத்துரைக்கின்றோம்.

பொறுமையின் பொருளே!

இவ்வூருக்குப் பிரசவம் பார்க்கும் செவிலி ஒருவரை நிரந்தரமாக அமர்த்த மேலிடம் இசைந்தது. அப்பணியிடத்தை மன்றம் கூடி ஏற்றுத் தீர்மானம் இயற்ற வேண்டும். அவருக்கோர் இடமும் ஒதுக்க வேண்டும். இரண்டும் இந்த மாத முடிவுக்குள் நடவாவிடில் பணியிடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். இவ்வளவுதான் செய்தி. ஆனால் செவிலியின் அறை ஆற்றுப்பக்கம் அமைவதா, சந்தைப்பக்கம் அமைவதா என்று உறுப்பினர்களுக்குள் மூண்டது பூசல். ஒன்பது பேர் கொண்ட மன்றத்தில் ஆற்றுப்பக்கத்தார் நால்வர், சந்தைப்பக்கத்தார் நால்வர். தலைவரோ, எவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத பெருந்தகை. கூட்ட நாள் வந்தாலே வெளியூரில் இருக்கும் தம் மகளுக்கு உடல்நலமில்லை என்று கிளம்பிவிடுவார். மாதத்தில் சரியாக அந்த ஒரு நாள் மட்டும் நோயுறும் மகளை நாங்கள் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை!

ஐவர் அமராமல் அவை நடவாது. எதிர்த்தரப்பு முதலில் போய் உட்காரட்டும், பிறகு நாம் போவோம் என்று இரு தரப்பும் தனித்தனியே முடிவெடுத்தன. முதலில் படியேறுபவர் பணிந்தவர் என்றாகிவிடுமாம்! ஆகவே கூட்ட நாளெல்லாம் ஆற்றுப்பக்கத்தார் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையிலும், சந்தைப்பக்கத்தார் அதற்கடுத்த முடிதிருத்தகத்திலும் அமர்ந்து, யார் எழுகிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தபடியே பொழுதைப் போக்கினர். வந்து காத்திருந்தவர்களை வரவில்லை என்று எழுத நேர்ந்த எழுத்தர் உலகிலேயே தாங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்!

விதிப்படி அரைமணி நேரம் காத்திருந்து, போதிய வருகையின்மையால் ஒத்திவைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாங்கள் எழுந்து சென்றிருக்கலாம். அவ்வாறு செய்தீர்களில்லை. ஒன்பது நாற்காலிகளையும் துடைத்துப் போடச் சொன்னீர்கள். ஒவ்வொன்றின் முன்னும் மூடியிட்ட தண்ணீர்க் குவளை வைக்கச் சொன்னீர்கள். தெருவைப் பார்த்த ஜன்னல்கள் அத்தனையையும் தங்கள் கையாலேயே திறந்தீர்கள். மணியடித்து, எழுந்து நின்று, அன்றைய பொருள்களை முதலிலிருந்து முடிவுவரை உரக்க வாசித்தீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பிறகு, "உறுப்பினர்கள் சொல்ல விரும்புவது ஏதும் உண்டா?" என்று கேட்டு, பதில் சொல்வதற்கு வேண்டிய நேரம் அளித்து, அதன் பிறகே அடுத்ததற்குச் சென்றீர்கள்.

அந்த மௌனத்தை நாங்கள் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறோம். சுழலும் ஒற்றை மின்விசிறியின் சத்தமும், தாங்கள் தாளைத் திருப்பும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காது. தொடக்கத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் மாதம் சிரிப்பு நின்றது. ஐந்தாம் மாதம், தாங்கள் வாசிக்கும் வேளையில் அவ்வறையில் இருக்க மாட்டாமல் ஆளுக்கொரு வேலையைச் சொல்லிக்கொண்டு வெளியே போனோம்.

ஊரார் தங்களுக்கு "நாற்காலி வாத்தியார்" என்று பெயர் சூட்டினர். "வாத்தியாரே, பிள்ளைங்க பாடத்தை ஒழுங்காக் கவனிக்குதா?" என்று தேநீர்க்கடையிலிருந்து ஒரு கவுன்சிலரே குரல் கொடுத்தார். "நல்ல பிள்ளைங்க. ஒண்ணுகூட எழுந்து ஓடலை" என்று தாங்கள் சொன்ன மறுமொழியில் கடையே அதிர்ந்தது, கேட்டவருக்குத் தேநீர் புரையேறியது. கூட்டிப் பெருக்கும் அம்மாள் மட்டும் ஒருநாள் ஆற்றாமல், "ஐயா, நாற்காலிக்குக் காது இருக்கா? எதுக்கு இப்படித் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறீங்க?" என்றார். "நாற்காலிக்கு இல்லம்மா. ஜன்னலுக்கு இருக்கு" என்றீர்கள்.

தனிமையைத் தாங்கிய தகைமையே!

ஜன்னலுக்குக் காது முளைக்க நாளாயிற்று. முதலில் மிதிவண்டி பழுது பார்ப்பவர் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கி நின்றார். அடுத்த கூட்டத்தில் காய்கறிக் கூடையை இறக்கிவைத்து ஓர் அம்மையார் நின்றார். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துத் திரும்பும் தாய்மார்கள் நின்றனர். செவிலி ஒருவர் வரவிருக்கிறார், அவரை வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை, வேண்டுமென்று சொல்லவும் எவரும் உள்ளே வரவில்லை என்ற உண்மை அவ்வாறே ஊருக்குள் பரவிற்று.

சென்ற மாதக் கூட்டம். இனி ஒன்று தவறினால் எல்லாம் தவறிவிடும் என்ற நிலை. செவிலி பற்றிய நான்காம் பொருளைத் தாங்கள் வாசித்து முடித்து வழக்கம்போல், "சொல்ல விரும்புவது ஏதும் உண்டா?" என்று கேட்டீர்கள். "எனக்கு உண்டு" என்று ஒரு குரல் வந்தது. நாங்கள் அத்தனை பேரும் ஓடி வந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றவர், நிறைமாதக் கர்ப்பிணியான தையற்காரப் பெண்.

"தாயே, வெளியில் நின்று சொன்னால் நான் எழுதக் கூடாது. உறுப்பினர்தான் சொல்ல வேண்டும்" என்றீர்கள், மிகுந்த வருத்தத்தோடு.

"உறுப்பினருங்க எங்கங்கய்யா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினீர்கள். ஆனால் ஜன்னலில் நின்ற தலைகளெல்லாம் ஒருசேரத் தேநீர்க்கடைப் பக்கம் திரும்பின. பிறகு முடிதிருத்தகத்தின் பக்கம் திரும்பின. அந்தப் பெண் மட்டும் இடுப்பில் கைகொடுத்துக்கொண்டு, தெருவின் நடுவில் போய் நின்று, "இந்தப் பக்கம் நாலு அண்ணன், அந்தப் பக்கம் நாலு அண்ணன். எனக்கு வலி எடுத்தா எந்த அண்ணன் வந்து பிரசவம் பாப்பீங்க? இப்பவே சொல்லிட்டீங்கன்னா அவரு வீட்டுக்கே போய் படுத்துக்கிறேன்" என்றார்.

தெருவே கொல்லென்று சிரித்தது. அதற்கு மேல் உட்கார்ந்திருக்க யாரால் இயலும்? எண்மரும் எழுந்தனர். ஒருவர் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடும் கழுத்தில் துண்டோடும் படியேறினார். யார் முதலில் ஏறினார் என்று கேட்டால், எதிர்த்தரப்பாரே என்று இரு தரப்பும் இன்றுவரை சத்தியம் செய்கின்றன. தாங்கள் குறிப்பேட்டில் எழுதியதோ, "உறுப்பினர்கள் வந்தனர்" என்பது மட்டுமே! அந்தத் தையற்காரப் பெண்ணுக்குச் சில நாளில் பக்கத்து ஊர் மருத்துவமனையில் நலமாய்ப் பிரசவமாயிற்று. ஆனால் போகும் வழியெல்லாம் அவர் பட்டபாட்டை ஊரறியும்.

தீர்மானம் நிறைவேறியது. ஐயா, அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்ததும் எண்மரும் இடத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே வெளியேறினர். ஜன்னலில் நின்றவர்களும் அவர்கள் பின்னாலேயே போயினர். இத்தனை மாதம் வாசித்தவரைப் பார்த்து ஒரு சொல் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகத் தாங்கள் சாத்திக்கொண்டு வந்தீர்கள்.

தன்னதைத் தந்த தயாளரே!

தீர்மானம் கிடைத்தும் இடம் கிடைக்கவில்லை. ஆற்றுப்பக்கம் என்றால் சந்தைப்பக்கம் கொதித்தது. சந்தைப்பக்கம் என்றால் ஆற்றுப்பக்கம் பொங்கியது. நாட்களோ நழுவின. அப்போதுதான் தாங்கள் ஒரு மனுவோடு வந்தீர்கள். இவ்வலுவலகத்தை ஒட்டி, இதோ இந்தச் சுவருக்கு அப்பால், தாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் எந்தப் பக்கத்தையும் சேர்ந்ததன்று. ஓய்வு பெறும் நாள்வரை தங்க உரிமையிருந்தும் அதை உடனே காலி செய்து தருவதாகவும், செவிலிக்கு அதையே ஒதுக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். எதிர்க்க ஒரு காரணமும் கிடைக்காமல் இரு தரப்பும் கையெழுத்திட்டன.

அந்த வீட்டில் தங்கள் துணைவியார் வாழ்ந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அங்கேயேதான் மறைந்தார். அதன் பிறகு தாங்கள் வீட்டில் உணவருந்துவதை விட்டு, இந்தக் கூட்ட அரங்க மேசையின் ஓரத்தில் அமர்ந்து உண்டதை அறிவோம். வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும்தான் வெளியே வந்தன. "நீங்க எங்கய்யா படுப்பீங்க?" என்று அலுவலகக் காவலர் கேட்டார். "அரங்கு பெரிசுப்பா. எட்டு வருஷமா அங்கேயும் அதே சத்தந்தான்" என்றீர்கள். எதைச் சத்தம் என்றீர்கள் என்று காவலருக்குப் புரியவில்லை; அடுத்த அறையிலிருந்து அந்த மௌனத்தைக் கேட்டிருந்த எங்களுக்குப் புரிந்தது.

வெள்ளையடித்தவர் சொன்னது இது: "எல்லா ஆணியையும் பிடுங்கச் சொன்னாரு. அம்மா முகம் பாக்குற கண்ணாடி தொங்கின ஆணிய மட்டும் விட்டுடச் சொன்னாரு. வர்ற நர்ஸம்மாவுக்கும் முகம் பாக்க வேணும்லப்பா, அப்படின்னாரு. அந்த ஆணியச் சுத்திப் பூசிட்டு வந்துட்டேன்."

செவிலியம்மாள் வந்து பத்து நாட்களாகின்றன. பணியிடம் இனி எங்கும் போகாது.

பெருமைக்குரிய பெரியீர்!

இந்த மடலின் கடைசிப் பத்திகளை இன்று மாலைதான் எழுதிச் சேர்த்தோம். காரணம் கூறுவது எங்கள் கடமை. விழாவுக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்து, பாராட்டிப் பேச இரு தரப்பு உறுப்பினர்களையும் அழைத்து, எல்லாம் ஆயத்தமாக இருந்த வேளையில் செவிலியம்மாள் வாசலில் வந்து நின்றார். "உள்ள ஒரு பொண்ணு வலியோட படுத்திருக்கு. முதல் பிரசவம். மைக்கு, கைதட்டல், வாழ்க, கீழ்கன்னு ஏதாவது சத்தம் கேட்டுச்சு, வந்து ஒவ்வொருத்தரா வெளிய தள்ளிடுவேன். கவுன்சிலருன்னும் பாக்கமாட்டேன்!" என்று சொல்லிச் சென்றார். ஆகவே ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டோம். உரையாற்ற வந்தவர்கள் உரைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊமைகளாய் அமர்ந்திருக்கின்றனர். இந்த மடலுக்குச் சட்டமிட வந்தவரும் ஆணியடிக்க அஞ்சி, கண்ணாடியைச் சும்மா சார்த்தியே கொடுத்திருக்கிறார். வாங்கும்போது இரு கைகளாலும் பிடிக்க வேண்டுகிறோம். தட்டச்சர் இதைத் தாழ்ந்த குரலில் வாசிப்பதும் அதனாலேயே.

உள்ளே இருக்கும் பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆற்றுப்பக்கமா, சந்தைப்பக்கமா என்று இந்த அரங்கில் இருக்கும் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.

தங்கள் தம்பி மகன் வீடு தொலைவில் இருப்பதையும், மூன்றாம் மாடியில் தங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருப்பதையும், இன்றைய கடைசிப் பேருந்துக்கு இடம் பதிவு செய்திருப்பதையும் அறிவோம். அங்கே தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நல்லுறக்கமும் நல்லுணவும் பெற்று, பேச்சுத்துணை குறையாமல் நெடுங்காலம் வாழ வேண்டுமென்று உளமார விழைகின்றோம். வாய்விட்டுச் சொல்ல இன்று தடையுள்ளது.

ஆயினும் ஐயா, ஒரு விண்ணப்பம். இந்தப் பேருந்து போகட்டும்; நாளையும் ஒன்று உண்டு. காவலர் வீட்டில் தங்களுக்குச் சேர்த்தே உலை வைத்திருக்கிறார்கள். சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குழந்தை அழும் வரைக்கும் எழுந்து போய்விடாதீர்கள். எங்களோடு உட்கார்ந்திருங்கள்.

இங்ஙனம்,
தங்களோடு காத்திருக்கும்
பேரூராட்சி அலுவலகப் பணியாளர்கள்