தொண்ணூற்றெட்டு மார்க்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மூச்சை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த ஸ்டேஷனிலும் அதைத்தான் செய்தேன். மின்விசிறி கத்துகிறது, காற்று வரவில்லை. ஜன்னலை மேற்கே வைத்திருக்கிறார்கள், பாவம். குறை சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் ஐயா, என் தொழில் அப்படி. நூற்றுக்கு முப்பது போடலாம்.

சினிமாக் கொட்டகை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஐஸ் கிடங்கு என்று ஜில்லாவில் எங்கே குளிர்சாதனம் மாட்டினாலும் மார்க் போட என்னைத்தான் அழைப்பார்கள். குளிர்ச்சிக்கு இவ்வளவு, காற்றோட்டத்துக்கு இவ்வளவு, சத்தமில்லாமல் ஓடினால் இவ்வளவு. கும்பகோணத்தில் ஒரு கொட்டகையில் இயந்திரம் போட்ட இரைச்சலில் வில்லன் பேசுவதே கேட்காது. பெயில் போட்டேன். வெளியே வந்தால் சனங்கள் சூழ்ந்துகொண்டு, படத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடச் சொன்னார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டே ஓடிய பிழைப்பு என்னுடையது.

நல்லக்கண்ணுவும் நானும் பாபநாசத்துப் பக்கம் ஒரே ஊர். குடமுருட்டியில் சேர்ந்து நீந்தியவர்கள். அவன் அப்பா எங்கள் பண்ணையாள். கழக ஆட்சி வந்து நில உச்சவரம்பைக் குறைத்தபோது, என் அப்பா ஆற்றோர வயல்களை நல்லக்கண்ணு பேருக்கு எழுதி வைத்தார். காகிதத்தில் அவனுடையது, களத்தில் எங்களுடையது. அப்பா போன பிறகு திருப்பி எழுதித் தரக் கேட்டேன். அவன் நிதானமாகத்தான் பதில் சொன்னான்.

"பட்டா என் பேருல இருக்கு. உழுறதும் நாங்கதான். இதுல திருப்பிக் குடுக்க என்னங்க சார் இருக்கு?"

அதுவரை என்னைச் சின்னய்யா என்றுதான் கூப்பிடுவான். சார் என்றது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. காலம் மாறத்தானே செய்யும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு வேதாரண்யத்தில் இறால் கிடங்கு ஒன்று கட்டினார்கள். திறப்பதற்கு முன் சோதிக்கப் போனேன். அருமையான இயந்திரம். மெக்கானிக் துரைராசு அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தான். நிலத்தைப் பற்றிச் சுமுகமாகப் பேசி முடிக்கலாம் என்று நல்லக்கண்ணுவை அங்கே வரச் சொன்னேன். துரைராசுவை ஏதோ சாமான் வாங்க நாகப்பட்டினத்துக்கு அனுப்பினேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தான் நல்லக்கண்ணு. உறைகுளிர் அறையின் வாசலில் நின்று, "சித்திரையில பாயோட இங்கயே வந்துடலாம் போலருக்கே" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளே சுவரில் வெப்பமானி என்ன காட்டுகிறது, பார்த்துச் சொல் என்றேன். போனான். கதவைச் சாத்தினேன். திறந்து வைத்தால் அளவு தப்பிவிடும்.

உள்ளிருந்து தள்ளித் திறக்கிற கைப்பிடி கழன்றிருந்தது. துரைராசுவை நீங்கள் பிடித்து வைத்திருப்பது அதற்காகத்தான். பராமரிப்புக் கோளாறு என்று பத்திரிகையிலும் போட்டுவிட்டார்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிடங்குக்குத் தொண்ணூற்றெட்டு மார்க் போட்டவன் நான். அங்கே கோளாறு ஒன்றும் கிடையாது. கைப்பிடியை நான்தான் அன்று காலையில் கழற்றினேன். துரைராசுவை அனுப்பிவிடுங்கள்.

நல்லக்கண்ணுவின் மனைவி பொன்னுத்தாயை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். அவள் அழவில்லை. "சின்ன வயசுக் கூட்டாளி கூப்புட்டிருக்காரு, நல்லபடியா முடிஞ்சிரும்னு சொல்லிட்டுத்தாங்க கெளம்புனாரு" என்றாள்.

அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அவன்மேல் பிரியம் உண்டு. ஆகவே நிலத்துக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். மறுநாளே அந்த வயலில் நடவுக்கு ஆள் விட்டேன் என்பது உண்மை. வாய்க்காலில் தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நான் ஓடி ஒளியவும் இல்லை. கதவுக்கு நேரே நாற்காலி போட்டு, கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன். கதவில் பார்ப்பதற்குச் சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில் அவன் உள்ளங்கை தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. ஆனால் வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. காதில் விழாத ஒன்றை, கூப்பிட்டான் என்று நான் எப்படி ஐயா சொல்ல முடியும்?