சர்க்கரை இல்லாத கேக்

அண்ணி: அந்த டப்பாவை ஜன்னல் வெயில்ல வைக்காதே. சூட்டுல உருகிடும்.

நாத்தனார்: உருகுறதுக்குள்ள சாப்பிடுங்க அண்ணி. ஒரே ஒரு துண்டு.

அண்ணி: நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில எடை மெஷின் மேல ஏறணும். இன்னிக்குப் போய் கேக்கா?

நாத்தனார்: இது கடை கேக் இல்லையே! சர்க்கரை கிடையாது, வெண்ணெய் கிடையாது. உங்களுக்காகத் தனியா பண்ணது. மூணு மாசமா தினம் கொண்டு வந்து குடுக்கிறேன், உங்களுக்குத் தெரியாதா?

அண்ணி: தெரியாம என்ன… ஆமா, நீ எப்படி உள்ள வந்தே? எப்பவும் கேட்ல குடுத்துட்டுப் போயிடுவியே.

நாத்தனார்: வாட்ச்மேன் நாற்காலியில ஆளைக் காணோம். பேக்கரிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இன்னிக்கு என் கண்ணு முன்னாடி நீங்க சாப்பிடணும்.

அண்ணி: இது என்னடி வம்பு! முதல்ல உட்காரு. நேத்துதானே டயாலிசிஸ் முடிஞ்சுது? முகமே வாடிக் கிடக்கு. அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கோ.

நாத்தனார்: ஐயோ, எவ்வளவு பெரிய சட்டி! இதுல ஆளே குளிக்கலாம் போல…

அண்ணி: எண்ணூறு பேர் சாப்பிடுற கேன்டீன். சட்டி சின்னதா இருந்தா ஃபாக்டரியே என்னைத் தின்னுடும்.

நாத்தனார்: அண்ணி… இப்பவும் எழுபத்தொன்பதுதானா?

அண்ணி: ம்… எழுபத்தொன்பது.

நாத்தனார்: எழுபத்தஞ்சுக்குள்ள வந்தாத்தான் எனக்கு வைக்க உங்க கிட்னியை எடுப்பாங்களா? ஒரு கிலோ கூட இருந்தா…

அண்ணி: ஒரு கிலோவும் கூட இருக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். குண்டான ஆளுக்குக் கத்தி வைக்க அவருக்குப் பயமாம். நாளைக்குத்தான் கடைசி கெடு.

நாத்தனார்: போகட்டும் அண்ணி. எண்பத்து மூணுல இருந்து இவ்வளவு தூரம் இறங்கினீங்களே, அதுவே பெருசு. வேற யாரா இருந்தாலும் முதல் வாரமே விட்டிருப்பாங்க.

அண்ணி: முதல் வாரம் நானும்தான் விட்டேன்! டாக்டர் ஒரு தாள் குடுத்தார் பாரு. தினம் ஒரு மணி நேரம் நட, எட்டு மணி நேரம் தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடுன்னு. எழுதின மகராசனுக்கு விடியக்காலை நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற வேலை இல்ல போல.

நாத்தனார்: நீங்க அவர்கிட்டயே சொன்னீங்களாமே! அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.

அண்ணி: பின்ன? "நான் அதிகமாச் சாப்பிடுறதே இல்ல டாக்டர், ரெண்டு வேளைதான்"னு சத்தியம் பண்ணேன். அவர் நம்பலை. எனக்கு வந்துச்சே கோபம்! நிரூபிச்சுக் காட்டுறேன்னு மறுநாள் ஒரு கிண்ணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டேன்.

நாத்தனார்: கிண்ணம் எதுக்கு?

அண்ணி: இங்க காலைல பன்னெண்டு சட்டி ஏறும். ஒவ்வொண்ணுலயும் உப்பு பார்க்கணும், காரம் பார்க்கணும், வெந்துதான்னு பார்க்கணும். ஒரு கரண்டி வாயில போட்டா, அதே மாதிரி ஒரு கரண்டி கிண்ணத்துல. வறுத்த உருளைக்கிழங்கு ரெண்டு வாய்க்குப் போனா, கிண்ணத்துக்கும் ரெண்டு.

நாத்தனார்: மத்தியானம் பார்த்தா?

அண்ணி: கிண்ணம் பத்தலை. தட்டுக்கு மாத்தினேன். தட்டும் வழிஞ்சுது! மூணு பேர் சாப்பாடு. சாப்பிடவே இல்லைன்னு சொன்னவ, மூணு ஆள் சாப்பாட்டை நின்னுக்கிட்டே தின்னிருக்கேன். இருபது வருஷமா!

நாத்தனார்: அடக் கடவுளே!

அண்ணி: அன்னிக்கு அந்தத் தட்டைப் பார்த்து அழுதேன். அப்புறம் சிரிச்சேன். அப்புறம் போய் ஒரு தராசு வாங்கிட்டு வந்தேன். உப்பை நிறுத்துப் போட ஆரம்பிச்சேன்.

நாத்தனார்: ருசி பார்க்காமலா? எண்ணூறு பேருக்கு?

அண்ணி: முதல் ரெண்டு நாள் மேனேஜரே வந்துட்டார், "என்னம்மா, கடல்ல இருந்து நேரா எடுத்து ஊத்துறியா"ன்னு. மூணாவது நாள் கை பழகிடுச்சு. இப்ப மூக்குதான் எனக்கு நாக்கு.

நாத்தனார்: அண்ணி, நிஜமாச் சொல்றேன்… உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல.

அண்ணி: இரு, வீட்டுக் கதை பாக்கி இருக்கே! பிள்ளைங்க தட்டுல மிச்சம் வச்சா யார் தின்னுவா?

நாத்தனார்: நீங்கதான்.

அண்ணி: எல்லா வீட்லயும் அம்மாதான். கொட்ட மனசு வராது. ஒருநாள் சின்னவன், "இந்தாம்மா, உன் மிச்சம்"னு தட்டை நீட்டினான். உன் மிச்சமாம்! அன்னியிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிதான் வைக்கிறேன். வேணும்னா கேட்டு வாங்கிக்கட்டும்.

நாத்தனார்: அதுக்கும் அண்ணன் கத்தியிருப்பாரே?

அண்ணி: கத்தாம? நான் வேண்டாம்னா அவருக்கு முகம் தொங்கிடும். பாசத்தை வாயில ஊட்டினாத்தான் பாசம்னு நினைக்கிற குடும்பம் உங்களுது. உனக்குக் கிட்னியை அவரே குடுத்திருக்கலாம், ஆனா சர்க்கரை வியாதி. அவர் கிட்னி அவருக்கே பத்தாதுன்னுட்டாங்க.

நாத்தனார்: சாயங்காலம் பசிக்குமே… அதை எப்படி…?

அண்ணி: அதுதான்டி பெரிய யுத்தம். பஸ் ஸ்டாப்புல பத்தடிக்கு ஒரு பலகாரக் கடை. ஆப்பிள் விலைக்கு நாலு பன் கிடைக்கும். காலு கடுக்கும், கண்ணு சொக்கும், அந்த நேரத்துல புத்தி எங்க வேலை செய்யும்? அப்பல்லாம் உன்னை நினைச்சுக்குவேன்.

நாத்தனார்: என்னையா?

அண்ணி: உனக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணி. அதுக்கு மேல ஒரு வாய் கிடையாது. அதோட பேக்கரி அடுப்புக்கு முன்னாடி நாள் பூரா நிக்கிறே. தாகத்தையே ஒருத்தி அடக்குறா, நான் ஒரு பன்னை அடக்க மாட்டேனான்னு விறுவிறுன்னு நடந்துடுவேன். பஸ்ஸை விட்டுட்டு வீடு வரைக்கும் நடை.

நாத்தனார்: போதும் அண்ணி… விடுங்க.

அண்ணி: ஏய், என்ன? எதுக்கு அழறே?

நாத்தனார்: ஒண்ணுமில்ல… சூடு. கண்ணு எரியுது. கேக்கைச் சாப்பிடுங்க அண்ணி.

அண்ணி: அடுப்பை அணைச்சு ஒரு மணி நேரம் ஆகுது.

நாத்தனார்: சாப்பிடுங்களேன்! ஒரு துண்டுதானே கேட்கிறேன்…

வாட்ச்மேன்: அக்கா! இன்னிக்கு டப்பா வரலியே, டீ ஆறிப் போகுது… ஐயையோ! கேக்கம்மா, நீங்க உள்ளயா இருக்கீங்க?

நாத்தனார்: என்ன டப்பா?

வாட்ச்மேன்: அது வந்து… ஒண்ணுமில்லீங்க. நான் கேட்டைப் பார்க்கணும்…

அண்ணி: நில்லுங்க அண்ணே. மாட்டியாச்சு. உங்க பெல்ட்டைக் காட்டுங்க.

வாட்ச்மேன்: பெல்ட்டா? மூணு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கேங்க. யூனிஃபார்ம் பட்டன் ரெண்டு தெறிச்சுப் போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேங்க, உங்க கைக்கு ஈடே கிடையாது!

நாத்தனார்: அப்ப… தினமும் நீங்கதான்…?

வாட்ச்மேன்: முதல் நாளே அக்கா சொன்னாங்க, நிறைய வெண்ணெய், வேண்டாம் அண்ணேன்னு. வீணாப் போகுதேன்னுதான்…

அண்ணி: கேட்டியா? சர்க்கரை இல்லாத கேக் இவருக்கு அஞ்சு கிலோ ஏத்தியிருக்கு!

நாத்தனார்: உங்களுக்கு… முதல் நாளே தெரியுமா?

அண்ணி: டப்பா அடியில காகிதம் சொட்டச் சொட்ட ஊறிக் கிடந்துது. எனக்கு மூக்கு இல்லையா? வாயைத் திறந்து கேட்டா நீ வேற வழி கண்டுபிடிப்பே. அதான் பேசாம இருந்தேன். இப்பச் சொல்லு, ஏன்டி?

நாத்தனார்: உங்க கிட்னி வேண்டாம்னு நூறு தடவை சொன்னேன், கேட்டீங்களா? ரெண்டு பிள்ளைங்க உங்களுக்கு. நாளைக்கு இந்தச் சட்டியைத் தூக்கும்போது உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அதுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? உங்க எடை குறையலைன்னா டாக்டரே வேண்டாம்னுடுவார், யார் மேலயும் பழி இல்லைன்னு… தினம் காலைல உங்ககிட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டேதான் வெண்ணெயை அள்ளிப் போட்டேன் அண்ணி.

அண்ணி: பைத்தியம்! மூணு டாக்டர் என்னை அக்குவேறு ஆணிவேறா அலசிட்டாங்க. ஒரு கிட்னி போதும்னாங்க. சட்டி தூக்க ஆள் போடறதா மேனேஜர் எழுதியே குடுத்துட்டார். என் முட்டிவலி போன இடம் தெரியலை, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கலை. பார்க்கப் போனா நீதான் எனக்கு முதல்ல குடுத்திருக்கே.

நாத்தனார்: ஆனா இன்னும் நாலு கிலோ… நாளைக்கு எடை பார்த்தா…

அண்ணி: நாளைக்கு எடை பார்க்கிறதெல்லாம் இல்ல. எழுபத்தொன்பதுன்னு சொன்னது உன் வெண்ணெய் டப்பாவுக்கு என் பதில். போன திங்கக்கிழமையே ஏறிட்டேன்… எழுபத்து நாலு. கிட்னி குடுக்கச் சம்மதம்னு கையெழுத்தும் போட்டாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் உன்னைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னார், ஆபரேஷனுக்கு நாள் குறிக்க. அண்ணே, அந்த டப்பாவை எடுத்துட்டுப் போய் கேட்ல எல்லாருக்கும் பங்கு போடுங்க. நாளையிலேர்ந்து உங்களுக்கும் பத்தியம்தான்!