படையலில் சொக்கிலேட் பியர்

"செத்த மனுசனுக்கு ஆரும் சொக்கிலேட் பியர் படைப்பினமோ?"

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆர் மச்சான் படைச்சது?"

"என்ரை தம்பிதான். எங்கடை ஐயா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவுக்கெண்டு கனடாவிலையிருந்து கொண்டந்து வைக்கிறான். செத்தவருக்குப் பிடிச்சதைத்தானே படைக்கிறது? ஐயா கள்ளைத் தவிர வேறை ஏதும் குடிச்சவரோ?"

"நீ குடிச்சுப் பாத்தனியோ?"

"படையல் எடுத்தாப் பிறகு ஒரு மிடறு குடிச்சன். கன்னங்கரேலெண்டு கிடக்கு. முதல் இனிக்குது, பிறகு கருகின கோப்பி மாதிரிக் கைக்குது. உதை மனுசர் குடிப்பினமோ?"

"அவன் அறியாமல் செய்திட்டான், விடு. நீயெண்டாலும் ஒரு போத்தல் கள்ளு வாங்கி வைச்சிருக்கலாமே."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்த முகத்தோடை வைக்கிறது? கடைசி மாதம் முழுக்க ஐயா ஒரு வாய் கள்ளுத்தான் கேட்டவர். டொக்டர் கூடாதெண்டவர் எண்டு நான்தானே குடுக்காமல் விட்டனான்."