கொளஞ்சியம்மாளுக்குக் கோபமாகக் கேட்ட ஆங்கிலம்

சொல் தடுமாறியவர்க்குத் துணையாகவும், நாத் தளர்ந்தவர்க்கு நம்பிக்கையாகவும் நின்று, கடலூரில் தொடங்கிச் சிதம்பரத்தில் நிறைவுறும் நெடும்பணியால் எங்கள் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிப் பிரிவைப் பெற்ற பிள்ளைபோல் பேணி வளர்த்து, இந்த 2012ஆம் ஆண்டு ஆனித் திங்களில் ஓய்வு பெறும் எழிலரசி அம்மையார் அவர்களே! உடன் உழைத்தோர் உள்ளம் கனிந்து படைக்கும் மடல் இது.

தங்கள் பண்புகளை வரிசையாக அடுக்கினால், "நிறுத்துங்க, இரங்கல் கூட்டமாட்டம் இருக்குது" என்று தாங்களே சொல்லிவிடுவீர்கள். ஆகவே அடுக்கவில்லை. நான்காண்டுகளுக்கு முன் நம் வார்டில் நடந்த ஒன்றை மட்டும் இந்த அவையோர் கேட்கச் சொல்லுகிறோம்.

பெண்ணாடத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் மணவாளன். பக்கவாதம் தாக்கி இங்கே கொண்டுவரப்பட்டார். சில நாளில் பேச்சு திரும்பியது. ஆனால் திரும்பியது ஆங்கிலம். தாய் மடியில் கற்ற தமிழைப் பிறர் பேசினால் புரிந்துகொண்டார். அவர் வாய்க்கு மட்டும் அது வரவில்லை. இரு மொழி பேசுவோர்க்கு இப்படி நேர்ந்தால் எந்த மொழி முதலில் மீளும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, பொறுமையாக இருங்கள் என்று அம்மையார் குடும்பத்தாருக்கு விளக்கினார்.

மகன் செந்தமிழ்செல்வன் தலையாட்டிவிட்டு நேரே அப்பாவிடம் போனார். தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "தமிழ்ல கேளுப்பா, தரேன்" என்று நின்றார். நல்ல எண்ணந்தான். ஆனால் மணவாளன் வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் திறக்கவில்லை. பேச வந்த வாயை இந்தக் கட்டத்தில் அடைத்துவிட்டால், அது அடைத்தது அடைத்ததாகவே போய்விடுவதும் உண்டு. அன்று அம்மையார் மதியச் சோற்றைத் தொடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

வீட்டார் ஒவ்வொருவராகப் பேசிப் பார்த்தார்கள். மனைவி கொளஞ்சியம்மாள் மட்டும் கட்டிலின் கால்மாட்டைத் தாண்டவில்லை. கணவர் பேசிக்கொண்டிருந்த நாட்களிலும், அவர் வாய் திறந்தால் இந்த அம்மாள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். அதைக் கவனித்திருந்த அம்மையார், வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து காரணம் கேட்டார்.

"எங்க வூட்ல இங்கிலீஷ்னா அது கோவம்மா," என்றார் கொளஞ்சியம்மாள். "கொழம்புல உப்பு ஜாஸ்தியானா இங்கிலீஷ். புள்ளைக்கு மார்க்கு கொறஞ்சா இங்கிலீஷ். நல்ல வார்த்தையெல்லாம் தமிழ்லதான் சொல்வாரு. இப்ப அதுல ஒண்ணுகூட வரல. எம்மேல இருந்த கோவத்தையெல்லாம் இத்தினி வருசமா சேத்து வச்சிருந்தாரு போல. இப்பதான் கொட்டறாரு."

எத்தனையோ நோயாளிகளின் சொல்லைப் பிரித்துப் படித்த அம்மையார், தாம் விளக்கியது இந்த ஒரு காதுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார். மொழி மாறியதை எல்லோருக்கும் சொன்னார். அந்த மொழியில் அவர் என்ன சொன்னார் என்பதை மனைவிக்கு யாருமே சொல்லவில்லை.

"அவரு திட்டலம்மா. நான் கூடத்தானே இருந்தேன். பக்கத்துல வந்து ஒக்காருன்னு கூப்புட்டாரு. பயமா இருக்குன்னு சொன்னாரு."

"பயமா? அவுருக்கா?"

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். அத்தனை பேர் முன்னால் கணவர் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க இங்கிலீஷ்லயே சொல்லுங்க. நான் தமிழ்ல கேட்டுக்கறேன்."

மணவாளன் அழுதார். அழுகைக்கு நடுவே, "ப்ளீஸ் சிட்" என்றார். உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றார் கொளஞ்சியம்மாள். வாசலில் நின்ற அம்மையாரும் அழுதார். நாங்கள் பார்த்தோம், மறுக்க வேண்டாம்.

அன்றிலிருந்து அம்மையார் பயிற்சியை மாற்றினார். கணவர் ஆங்கிலத்தில் சொல்ல, மனைவி தமிழில் பதில் சொல்ல, இருவரும் ஊர்க்கதை முழுவதும் பேசினார்கள். வீடு திரும்பும் நாளில் சக்கர நாற்காலியைக் கதவில் இடித்துவிட்டார்கள். மணவாளன் ஆங்கிலத்தில் கத்தினார். மகன் ஓரடி பின்வாங்க, கொளஞ்சியம்மாள் சிரித்துவிட்டார். "இது நெசமாலுமே கோவம். இப்ப எனக்கு வித்தியாசம் தெரியுது," என்றார்.

தமிழ் சிறுகச் சிறுகத்தான் வந்தது. முழுதாக வரவே இல்லை. கடந்த தை மாதம் மணவாளன் காலமானார். அம்மையார் ஓய்வு பெறுவதைக் கேள்விப்பட்டு, கொளஞ்சியம்மாள் போன வாரம் பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"கடைசியா இங்கிலீஷ்லதான்மா சொன்னாரு. என்னா சொன்னாருன்னு புள்ளைங்க கேட்டுச்சிங்க. அது எங்க ரெண்டு பேருக்குள்ள, ஒங்களுக்கு எதுக்குன்னுட்டேன்."

அம்மையாரும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மையீர், உடல் நலமும் உள நிறைவும் குன்றாமல் நெடுங்காலம் வாழுங்கள். எந்த மொழியில் எதைச் சொன்னாலும் அஞ்சாமல் கேட்டுக்கொள்ள, தங்கள் பக்கத்திலும் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பில்,
பேச்சுப் பயிற்சிப் பிரிவு ஊழியர்கள்,
சிதம்பரம்.