மச்சான் கையில் கயிறு

தண்ணீருக்குள் படம் பிடிக்க உச்சிவெயில்தான் தோதானது, சார். கரையில் எடுக்கிறவர்கள் அந்த நேரத்தில் கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நேர் மேலே வெயில் அடித்தால் முகத்தில் கண் இருக்கிற இடம் இருட்டுக் குழியாகத் தெரியும். கடலுக்குள் அதற்கு ஒரு வழி உண்டு. தரையில் வெள்ளையாக எதையாவது விரித்தால் வெளிச்சம் திரும்பி முகத்துக்கு வரும். நான் என் தங்கை ஜெமிமாவின் கல்யாண ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டு, மூலைக்கு ஒரு கல் வைத்தேன். லைட் வாடகைக்கு எடுக்கவெல்லாம் எனக்கு வசதி இல்லை.

நான் எடுத்தது பழைய காலத்து முத்துக்குளிப்பைப் பற்றிய வீடியோ பாட்டு. கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிற கிளைட்டன் என்றே கடைசிவரை இருந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அது தப்பா? மூழ்கிச் சாகிறவனாக ஜெமிமாவின் வீட்டுக்காரன் ரெனிஷ் வந்தான். சங்கு குளிக்கிறவன். எப்போதும் காற்று வருகிற கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறவன், எனக்காகக் குழாய் இல்லாமல் இறங்கினான். அவன்மேல் எனக்கு உயிர், சார். இப்போதும்தான்.

முத்துக்குளித்த காலத்தில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். மூச்சு முட்டினால் குளிக்கிறவன் கயிற்றைச் சுண்டுவான். தங்கச்சி தாலியை நினைத்து மச்சான் உடனே தூக்கிவிடுவான். எங்களுக்கு வள்ளம் ஓட்டி வந்த நேசக்குமார் அண்ணாச்சி கயிற்றைக் கேட்டார். ரெனிஷ் கொடுக்கவில்லை.

"மச்சான் இருக்கும்போது வேற ஆளு எதுக்கு அண்ணாச்சி? மச்சான், நீயே புடி."

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, மிதவைமேல் கவிழ்ந்து கிடந்து, முகத்தையும் கேமராவையும் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்தேன். முதல் டேக்கில் அவன் மிதந்து ஃபிரேமை விட்டே போய்விட்டான். அதனால் இடுப்பில் கல்லைக் கட்டினேன். முடிச்சு கேமராவில் தெரியக் கூடாது என்று முதுகுப் பக்கம் போட்டேன். அடுத்த டேக்கை முகம் கெடுத்தது. சாகப் போகிறவன் விருந்துக்கு வந்தவன் மாதிரி இருந்தால் யார் நம்புவார்கள்? பாவம், அவனுக்கு நடிக்க வராது.

மறுபடி இறங்கினான். வெயிலை மேகம் மறைத்தது. காத்திருந்தேன். கயிறு சுண்டியது. ஒரு கையால் 'பொறு' என்று காட்டினேன். பொறுத்தான்; நான் சொன்னால் கேட்பான். திரும்பவும் சுண்டினான். அப்போதுதான் மேகம் விலகி, வெளிச்சம் கீழேயிருந்து அவன் முகத்துக்கு ஏறியது. அந்த முகத்தில் அதுவரை இல்லாத பயம் இருந்தது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அழுதேன், சார். நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டி நின்றது. ஆனாலும் கை ஆடவில்லை. கேமரா கார்டு ஸ்டேஷனில் உங்களிடம்தானே இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெமிமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பார்க்கவே நெஞ்சு வெடித்தது.

"அண்ணே, அவுக கயித்த இழுக்கவே இல்லியா?"

"இல்லளா," என்றேன்.

அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. அன்றைக்கும் சொல்லவில்லை. நான் தூக்கத் தொடங்கியபோது அவன் கயிற்றை இழுக்கவில்லை.